சேற்றைத் தங்கைக்குக் கொடுத்தவர்

கியாகுஸ் முர்சிதிக்குப் பெயரைவிடப் பெயருக்கு முன்னால் வரும் பட்டம்தான் முக்கியம். எங்கள் பலெம்பாங் நகரத்தில் அது ஒன்றும் அபூர்வமான பட்டம் இல்லை. சந்தையில் வெங்காயம் விற்கிறவர்களில் இரண்டு கியாகுஸ் உண்டு, பள்ளிவாசல் செருப்புகளைப் பார்த்துக்கொள்கிறவரும் ஒரு கியாகுஸ்தான். ஆனால் முர்சிதியோ, சுல்தான் நேற்றுச் சாயங்காலம்தான் வந்து தன் தலையில் கை வைத்துப் பட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போனதுபோல் நடந்துகொள்வார். யாராவது வெறுமனே "முர்சிதி அண்ணே" என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. பட்டத்தைச் சேர்த்துக் கூப்பிட்டால் உடனே கேட்டுவிடும்.

ஆற்றின் ஊலு கரைப் படகுத்துறையில் முப்பது வருடம் டிக்கெட் கிழித்தார். அதைத் "துறைமுக நிர்வாகம்" என்று சொல்லிக்கொள்வார். டிக்கெட் கிழிக்கும்போதும் பயணிகளின் முகத்தைப் பார்க்கமாட்டார், கையை மட்டும் பார்ப்பார். மேலாற்றிலிருந்து வருகிறவர்கள் அவருக்குக் காட்டான்கள். ஆற்றில் மிதவை வீட்டில் குடியிருப்பவர்கள் ஈரப்பயல்கள். பாலத்தைத் தாண்டி எதிரே இலிர் கரைக்குக் குடிபோனவர்கள் ஓடிப்போனவர்கள். பாலத்தைத் தாண்டாமல் இங்கேயே கிடப்பவர்கள் வக்கற்றவர்கள். மிச்சம் யார் என்று கணக்குப் பார்த்தால் அவர் ஒருவர்தான் தேறுவார்.

கல்யாணமும் இந்தக் கணக்கில்தான் நின்றுபோயிற்று. முதல் பெண்ணின் பட்டம் ஒரு படி கீழே. இரண்டாவது பெண்ணுக்குப் பட்டம் சரி, ஆனால் அப்பா ரப்பர் செருப்பு வியாபாரம். மூன்றாவது இடத்தில் எல்லாம் பொருந்தி வந்தபோது அவர்கள் இவரை வேண்டாம் என்றார்கள். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஊருக்கே தெரியும்.

அவரிடம் உருப்படியாக இருந்தது அந்த வீடு ஒன்றுதான். அதைக் குறை சொன்னால் நமக்கு வாய் வெந்துபோகும். ஆற்றோரத்தில் தூண்கள்மேல் நிற்கும் பெரிய மரவீடு, அவருடைய தாத்தாவின் அப்பா கட்டியது. ஒரு ஆணி கிடையாது. மரத்துக்குள் மரம் பூட்டிய வேலை, வேண்டுமென்றால் கழற்றி வேறு இடத்தில் மாட்டலாம். கூடத்தின் தரை மூன்று தட்டாக உயரும். கீழ்த்தட்டு சாதாரண ஆட்களுக்கு, நடுத்தட்டு உறவுக்காரர்களுக்கு, மேல்தட்டு பட்டக்காரர்களுக்கு. மற்ற வீடுகளில் இதெல்லாம் எப்போதோ போய்விட்டது, வந்தவர்கள் எங்கே மின்விசிறி இருக்கிறதோ அங்கே உட்காருவார்கள். முர்சிதி வீட்டில் மட்டும் பெருநாளுக்கு வருகிறவர்களை வாசலிலேயே ஏற இறங்கப் பார்த்து, விரலால் தட்டைக் காட்டுவார். போகப்போக எல்லோரும் கீழ்த்தட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். அப்புறம் அவர்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மேல்தட்டில் அவர் மட்டும் தனியாக உட்கார்ந்து காபி குடித்தார்.

சௌதா அவருடைய ஒரே தங்கை. அவள் பஹ்ருன் என்கிற படகோட்டியைக் கட்டிக்கொண்டாள். அப்போது பஹ்ருனின் குடும்பம் முர்சிதி வீட்டுக்கு நேர் எதிரே, ஆற்றில் மிதவை வீட்டில் இருந்தது. அவர் காலையில் ஜன்னலைத் திறந்தால் அந்தக் குடும்பம் பல் தேய்ப்பது தெரியும். அந்த வீட்டுக்குத் தங்கை மருமகளாகப் போனதும், பிறக்கிற பிள்ளைகளுக்குப் பட்டம் இல்லாமல் போனதும் அவருக்கு நெஞ்சில் இறங்கவே இல்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை. "அந்த வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்" என்று சொன்னவர், இருபத்தைந்து வருடம் நனைக்கவும் இல்லை. முர்சிதிக்கு பஹ்ருன் இன்றைக்கும் 'அவன்'தான். நமக்கு என்ன வந்தது, நாம் 'அவர்' என்றே சொல்வோம்.

அப்பா காலமானதும் சொத்தைப் பிரிக்கப் பள்ளிவாசல் கத்தீப் வந்தார். மார்க்கப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. அந்தக் காலத்தில் ஊலு கரை ஆற்றோரத்தில் நிலம் என்று எதையும் யாரும் மதித்ததில்லை. மழைக்காலத்தில் நாள் தவறாமல் ஆறு ஏறி வீட்டடிக்கு வரும். இறங்கும்போது பிளாஸ்டிக் பாட்டில்களையும் ஒற்றைச் செருப்புகளையும் விட்டுவிட்டுப் போகும். வீடுதான் சொத்து, மரம்தான் மதிப்பு. வீடு ஒருவருக்கும் அடிநிலம் இன்னொருவருக்குமாகப் பிரிப்பது எங்கள் ஊரில் நடக்கிற காரியம்தான். கத்தீப் மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"ரெண்டையும் சேத்து வச்சுக்கிட்டு, தங்கச்சிக்குப் பணமா ஏதாவது குடுத்துடுங்களேன்" என்றார்.

"பணமா?" முர்சிதி சிரித்தார். "வீடு எனக்கு. கீழ இருக்கிற சேறு அவளுக்கு. ஈரத்துக்கு வாக்கப்பட்டவதானே, பழகின பொருள்தான்."

சௌதா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள், கீழ்த்தட்டில். வட்டார ஆபீசில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். முர்சிதி அந்தச் சேறு வசனத்தை ஒரு மாதம் வரை போகிறவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார்.

பிறகு காலம் தன் வேலையைப் பார்த்தது. ஆற்றுக்கு இன்னொரு பாலம் வந்தது. கரையோரம் நடைபாதை போட்டார்கள், விளக்கு வைத்தார்கள். இலிர் கரைப் பிள்ளைகள் சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் வந்து, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, தங்களையே போட்டோ பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு வீடு தள்ளி ஒருவன் திண்பண்டக் கடை போட்டான். அடுத்தவன் காபிக் கடை போட்டான், ஒரு காபிக்கு அவன் வாங்கிய காசில் முன்பெல்லாம் ஒரு குடும்பம் மீன் வாங்கிவிடும். சேற்றுக்கு விலை வந்துவிட்டது.

சௌதா முதலில் அண்ணனிடம்தான் வந்தாள். பஹ்ருன் படகோட்டுவதை விட்டு இலிர் கரையில் படகு என்ஜின் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். பக்கத்துக் கடையும் விலைக்கு வந்திருந்தது.

"அண்ணே, அந்த இடத்தைக் குடுத்துடலாம்னு இருக்கோம். வெளியாளுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி உங்கள ஒரு வார்த்தை கேக்கணும்ல. உங்களால முடிஞ்சத குடுங்க, நீங்களே எடுத்துக்கங்க."

முர்சிதி காபியை ஊதிக் குடித்தார். "என் வீட்டுக் காலு நிக்கிற சேத்துக்கு நான் காசு குடுக்கணுமா? படகோட்டி சொல்லிக் குடுத்தானா?"

"அவரு ஒண்ணும் சொல்லலண்ணே."

"யாருக்கு வேணாலும் வித்துக்க. என் வீட்டுக்குக் கீழ பூந்து எவன் என்ன பண்ணிடுவான், தவளை பிடிப்பானா?"

அவள் போய்விட்டாள். சொன்ன பதில் நன்றாக அமைந்தது என்று அவருக்கு அன்று முழுவதும் திருப்தி.

ரொஹிமின் வந்தது அதற்குப் பிறகு. மேலாற்று ஆள். சின்ன வயதில் மரம் ஏற்றிவந்த தோணியில் தூங்கி எழுந்தவர், இப்போது மூன்று உணவகம் வைத்திருக்கிறார். நல்ல சட்டை, சாதுவான பேச்சு. முர்சிதி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழ்த்தட்டைக் காட்டினார். மனிதர் மறுபேச்சில்லாமல் கீழ்த்தட்டில் உட்கார்ந்து, தூணை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"பாக்கறதோட நிறுத்திக்கங்க" என்றார் முர்சிதி மேலிருந்து. "விக்கிற எண்ணம் இல்ல. உங்க மூணு ஓட்டலையும் வித்துப் போட்டாலும் இந்தக் கதவுக்குக் கட்டாது."

"கதவு நல்ல கதவுங்க" என்றார் ரொஹிமின். "நான் வீட்டை வாங்க வரலைங்க. இந்த நெலத்தை உங்க தங்கச்சிகிட்ட பேசி முடிச்சு முன்பணம் குடுத்துட்டேன். வீட்டை எப்ப எடுத்துக்குவீங்கன்னு கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

"எடுக்கறதா?"

"ஆமாங்க. கழட்டற வீடுதானே. அடுத்த மழைக்கு முன்னால நாங்க தூண் போடணும். ஆளு வேணும்னா நானே அனுப்பறேன், கூலியும் என்னோடது."

ரொஹிமின் தனக்கு வைத்த காபியை முழுவதும் குடித்து, சலாம் சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஒரு சொல் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. அதுதான் முர்சிதிக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் வட்டார ஆபீசுக்குப் போனார். அங்கே இருந்த பையன் அவருடைய கையெழுத்தையே அவருக்குக் காட்டி, "நீங்களே போட்டதுதாங்க" என்றான். நிலம் தங்கையுடையது, அவள் யாருக்கும் விற்கலாம். வீடு அவருடையது, அவர் எங்கும் கொண்டுபோகலாம். இதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை.

அப்படியென்றால் வீட்டை வைக்க ஒரு இடம் வேண்டும். அறுபத்தாறு வயதில் கியாகுஸ் முர்சிதி நிலம் வாங்கக் கிளம்பினார். கையில் பென்ஷனும் கொஞ்சம் சேமிப்பும்தான். ஹெர்மன் என்கிற தரகன் அவரை மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினான். எல்லா நிலமும் அவன் வாயில் "நீங்க தேடிட்டிருந்த இடம்" ஆக இருந்தது. ஒன்றில் முழங்கால் அளவு தண்ணீர். இன்னொன்றுக்குச் சொந்தக்காரர்கள் பதினோரு பேர், அதில் இரண்டு பேர் எங்கே என்று தெரியவில்லை. சுவர் எழுப்பி வாசலில் காவலாளி வைத்த ஒரு புதுக் குடியிருப்புக்கும் போனார்கள். அங்கே குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்த பெண் புன்னகையோடு கேட்டுக்கொண்டாள்.

"மர வீடுங்களா சார்? கால் வச்சதா? அதுக்கு இங்க அனுமதி இல்லைங்க சார். எல்லா வீடும் ஒரே மாடல், ஒரே பெயின்ட்டு. கீழ பன்னி படுத்துக்கும்னு மத்தவங்க புகார் பண்ணுவாங்க."

பன்றி என்ற சொல் காதில் விழுந்த கணத்திலேயே அவர் எழுந்துவிட்டார். வெளியே வந்து ஹெர்மனிடம், "எங்க வீட்டு மேல்தட்டுல யாரெல்லாம் உக்காந்திருக்காங்க தெரியுமா?" என்று கேட்டார். ஹெர்மன், "பெட்ரோலுக்கு ஏதாவது குடுங்க சார்" என்றான்.

ஊலு கரைக்குள்ளேயே கேட்டுப் பார்க்கலாம் என்று கடைசியில் தோன்றியது. கேட்ட இடத்திலெல்லாம் ஒரே முகம். "உங்க வீடு எங்க இடத்துல நின்னா உங்களுக்குத்தானே கௌரவக் குறைச்சல்" என்றார்கள், சிரிக்காமல். ஒவ்வொருவரையும் அவர் எந்தப் பெருநாளுக்கு எந்தத் தட்டைக் காட்டினார் என்பதை ஒவ்வொருவரும் மறக்காமல் வைத்திருந்தார்கள். ஊருக்கு வேறு என்ன வேலை.

பக்கத்து வீட்டு ரோஸ்னா மீன் அப்பளம் சுட்டு விற்கிறவள். முர்சிதி வீட்டுப் படியில் அவளைத் தவிர இப்போது யாரும் கால் வைப்பதில்லை. அவளும் கிண்டல் பண்ணத்தான் வைப்பாள். திங்கட்கிழமை காலையில் படியில் நின்றபடியே சொன்னாள்.

"தங்கச்சி சொல்லி அனுப்பிச்சுது. வியாழக்கிழமைதான் நோட்டரி ஆபீஸ்ல கையெழுத்தாம். அதுக்குள்ள அண்ணன் ஒருதடவை வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டு, தன் வாயால இடம் வேணும்னு கேட்டுட்டாப் போதுமாம். முன்பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டு நெலத்தை உங்க பேருக்கே எழுதித் தந்துடுமாம். சும்மா."

"சும்மாவா?"

"சும்மாதான். பைத்தியக்காரி. நானா இருந்தா உங்களைப் பாட்டுப் பாட வச்சுருப்பேன்." அப்பளக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "அந்த வாயைக் கொஞ்சம் கட்டி வச்சுக்கிட்டுப் போங்க. அதான் உங்களுக்குச் சனியன்."

இரண்டு நாள் யோசித்தார். யோசிக்க என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். புதன்கிழமை சாயங்காலம் இஸ்திரி போட்ட சட்டையும் கட்டம் போட்ட நல்ல சாரமும் தொப்பியுமாகப் பாலத்தைத் தாண்டினார். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்: "தங்கச்சி, எனக்கு அந்த இடம் வேணும்." அவ்வளவுதான். டிக்கெட் எங்கே என்று கேட்பதைவிடக் கஷ்டமில்லை.

கடைக்குப் பின்னால் வீடு. சின்ன வீடு, சுத்தமான வீடு. சௌதா அவரைப் பார்த்ததும் தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் பாய் விரித்தாள். ஆற்றுக் கெளுத்திப் புளிக்குழம்பு, பொரித்த மீன் உருண்டை, அதற்குக் கருப்பட்டிப் புளிச்சாறு. அம்மா கைப்பக்குவம் அப்படியே. முர்சிதி முதல் வாய் சாப்பிட்டார். ருசியாக இருந்தது என்பதில் அவருக்கே கொஞ்சம் எரிச்சல்.

கடையைச் சாத்திவிட்டு பஹ்ருன் வந்தார். கை கழுவிக்கொண்டு முர்சிதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். 'மச்சான்' என்று கூப்பிட வேண்டியவர், ஒருநாளும் கூப்பிட வாய்த்ததில்லை.

"வயித்துப் பக்கத்துத் துண்டை எடுத்துக்கங்கண்ணே. அதுல முள்ளு இருக்காது" என்று சட்டியை நகர்த்தி வைத்தார்.

முர்சிதி எடுத்துக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. சௌதா எதிரே உட்கார்ந்து, அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அப்போது அவர் கண் பஹ்ருனின் கைமேல் விழுந்தது. எவ்வளவு கழுவினாலும் போகாத என்ஜின் கறுப்பு நகக்கண்ணில் இருந்தது. இந்தக் கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த ஆளின் காது கேட்க, நான் யாசகம் கேட்பதா என்று அவருக்குள் ஏதோ கிளம்பி மேலே வந்தது.

"சௌதா, குடும்ப விஷயம் கொஞ்சம் பேசணும்" என்றார். "வெளி ஆளுங்க இல்லாம."

பிறகு பஹ்ருன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீங்க பேசுங்கண்ணே, நான் கடையில இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

சௌதா அண்ணனின் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

"சொல்லுங்கண்ணே."

"அந்த இடம் விஷயம். ரோஸ்னா சொன்னா. எனக்கு… அதான், வேற வழி ஏதாவது இருக்கான்னு."

"இருந்துச்சு. இவ்வளவு நேரம் உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டிருந்துச்சு. இப்பத்தான் எழுந்து போச்சு."

அவருக்குப் புரியவில்லை.

"நான் வித்துடலாம்னுதான் சொன்னேண்ணே. உங்களுக்கே எழுதிக் குடுத்துடலாம்னு சொன்னவரு அவரு. அந்த வீட்டைப் பாத்துக்கிட்டேதான் வளந்தேன், அதைக் கழட்டறத என்னால பாக்க முடியாதுன்னாரு. பக்கத்துக் கடை வேணாம், முன்பணத்தைத் திருப்பிக் குடுத்துடுன்னாரு." குரல் உயரவே இல்லை. "நான்தான், அண்ணன் ஒருதடவை வந்து நம்மகூட உக்காந்து சாப்பிடட்டும், அப்புறம் பாக்கலாம்னேன். அவரு உங்ககிட்ட அதுகூடக் கேக்கல."

முர்சிதி தட்டைப் பார்த்தார். இன்னும் பாதி இருந்தது.

"சாப்பிட்டு முடிங்க. வீணாக்காதீங்க" என்றாள் சௌதா. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றது. கடை வாசலில் பஹ்ருன் வண்டியை எடுத்து வைத்திருந்தார். "மழை வரும்போலத் தெரியுது. கொண்டுபோய் விட்டுடறேண்ணே" என்று ஒரு ஹெல்மெட்டை நீட்டினார். உள்ளே பேசியது அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. முர்சிதி பின்னால் உட்கார்ந்தார்.

பாலத்தில் நெரிசல். வண்டி ஊர்ந்து ஊர்ந்து போயிற்று. பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்து, பழைய கதையும் பேசலாம் என்கிற அளவுக்கு நேரம் இருந்தது. முர்சிதிக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. இந்தத் தடவை வாக்கியம்கூடச் சின்னது, தப்பாகப் பேசிவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கண்ணெதிரே ஒரு முதுகுதான் இருந்தது, முகம்கூட இல்லை. பாலத்தின் நடுவில் ஒருமுறை தொண்டையைச் செருமினார். "குளிருதாண்ணே?" என்று பஹ்ருன் திரும்பாமல் கேட்டார். "இல்ல" என்றார்.

ஊலு கரைப் படகுத்துறை முனையில் வண்டி நின்றது. அவர் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தார். பஹ்ருன் என்ஜினை அணைத்துவிட்டு நின்றார். அவசரம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, எதற்கோ காத்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம். முர்சிதியின் வாய் திறந்தது. அதற்குள் அவருடைய கை சட்டைப்பைக்குள் போய், வாடகை வண்டிக்காரனுக்குக் கொடுக்கிற பத்தாயிரம் ரூபியா நோட்டு ஒன்றை எடுத்து நீட்டியது.

பஹ்ருன் நோட்டைப் பார்த்தார். அதை நீட்டியவரைப் பார்த்தார். பிறகு வாங்கி, மடித்து, மேல்பையில் வைத்துக்கொண்டு, "வர்றேங்க" என்று வண்டியைத் திருப்பினார்.

வியாழக்கிழமை நிலம் ரொஹிமின் பேருக்குக் கையெழுத்தாயிற்று. கணவர் சம்மதக் கையெழுத்தும் வேண்டும் என்று நோட்டரி சொன்னார். பஹ்ருன் போட்டுக் கொடுத்தார்.